மனமாற்றப் பிரிவு

ஒரு மனிதர் காணாமல் போனால் அது செய்தியா, விளம்பரமா? இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே காயில்காரருக்கு அதுவரை தெரியாது. மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். எரிந்துபோன செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார். கம்பி எரிந்திருக்கும், இல்லையென்றால் எரியாமல் இருக்கும். மூன்றாவதாக ஒரு நிலைமை அந்தத் தொழிலில் கிடையாது. இந்த வெள்ளை மனசோடு அவர் நகரத்தின் பெரிய செய்தித் தளத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

அவருடைய அப்பாவைச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து காணோம். எழுபத்தாறு வயது. நாற்பது வருஷம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். இரண்டு வருஷமாக ஞாபகம் பிசகிக்கொண்டே வந்தது. மகனைச் சில நாள் மகன் என்பார், சில நாள் "எந்த மாடி சார்?" என்பார். அன்றைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்தது காயில்காரர்தான். அவர் மனைவிக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, "அந்த வெப்சைட்ல போட்டோவோட போட்டுடுங்க. ஊரே காலைல எழுந்ததும் அதைத்தான் பாக்குது" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு புதன்கிழமை மாலை மூன்று மணிக்குப் போனார். விளம்பரம் கொடுக்க வருகிறவர்களை மாலை மூன்றிலிருந்து ஐந்துவரைதான் உள்ளே விடுவார்கள். நான்காவது மாடியில் விளம்பர மேலாளர் அம்மா, காயில்காரருடைய அப்பாவின் படத்தை வாங்கி, வயது, உயரம், நீலச் சட்டை, இடது புருவத்தில் தழும்பு என்று எல்லாவற்றையும் தட்டெழுதி, "காணவில்லை" என்று தலைப்புப் போட்டு, அரை மணியில் முடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை காயில்காரர் தன் போனில் திறந்து பார்த்தார். அப்பா இருந்தார். முடி உதிர்வுக்கும் வீட்டு மனைக்கும் நடுவில், ஏழாவது இடத்தில், கொஞ்சம் ஆடிக்கொண்டு இருந்தார். ஆடினால்தான் கண்ணில் படும் என்று மேலாளர் அம்மா ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

சனிக்கிழமைவரை வந்தது ஒரே ஒரு போன். மெத்தை விளம்பரத்தை மூடப் போய்க் கைதவறி அப்பாவின் மேல் பட்டுவிட்டதாம். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னங்க, என் போன்ல மாமா படமே வரல?"

"ஏழாவது எடத்துல பாரு. மனைக்கு மேல."

"மனையே வரலைங்க. ஒரு விளம்பரமும் வரல. தம்பி ஏதோ பிளாக்கர்னு போட்டுக் குடுத்தான். அதுலேர்ந்து சுத்தமா இருக்கு."

காயில்காரர் பக்கத்து வீட்டுக்குப் போனார். எதிர் வீட்டுக்குப் போனார். மருந்துக் கடைக்காரரிடமும் முடிவெட்டுகிறவரிடமும் போனை வாங்கிப் பார்த்தார். எல்லாப் போனும் சுத்தமாக இருந்தது. ஊரே காலையில் எழுந்ததும் அந்தத் தளத்தைத்தான் பார்த்தது. அப்பாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடி நான்காவது மாடி. மேலாளர் அம்மா கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் அப்பா காணாமல் போனது போல இருந்தது.

"நூறு பேர் வந்தா அறுபத்து மூணு பேர் பிளாக்கரோட வர்றாங்க சார். நீங்க ஒரு வாரமாத்தான் அழறீங்க. நாங்க ஆறு வருஷமா அழறோம். எங்க கஷ்டம் யாருக்குத் தெரியுது?"

"மேடம், அந்த அறுபத்து மூணு பேர்ல யாராவது ஒருத்தர் எங்கப்பாவைப் பாத்திருக்கலாம் இல்லையா?"

"தாராளமா பாத்திருக்கலாம். நல்ல நல்ல ஆளுங்க எல்லாம் அதுலதான் இருக்காங்க."

அந்தப் பிளாக்கர் விளம்பரத்தைத்தானே தடுக்கிறது, செய்தியைத் தடுப்பதில்லையே என்று காயில்காரருக்குத் தோன்றியது. அப்பாவைச் செய்தியாகப் போட்டுவிட்டால்? ஐந்தாவது மாடிக்கு ஏறினார். செய்தி ஆசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"காணாமப் போறது செய்தி இல்லைங்க. அது ஒரு நிலைமை. கெடைச்சா செய்தி. வேற மாதிரி கெடைச்சாலும் செய்தி, அதுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்து. நடுவுல இருக்கற காலம் முழுக்க விளம்பரப் பிரிவோடது. அதுல நாங்க தலையிடறது பத்திரிகை தர்மம் ஆகாது."

"போன மாசம் நடிகையோட பூனையைக் காணோம்னு முதல் பக்கத்துல வந்துதே சார்?"

"அது பொழுதுபோக்கு."

காயில்காரர் எழுந்து நின்றார். ஆசிரியருக்கே மனசு கேட்கவில்லை. "ஒண்ணு பண்ணுங்க. ஆறாவது மாடிக்குப் போங்க. மனமாற்றப் பிரிவு. பிளாக்கர் வச்சிருக்கறவங்ககிட்ட பேசறதுக்குன்னே இருக்கறவங்க அவங்கதான்" என்றார்.

ஆறாவது மாடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கம்பளம். சுவர் நெடுக, பிளாக்கர் என்கிற விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிற வாசகர்களுக்கு இதுவரை விடுத்த வேண்டுகோள்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தடுப்பானோடு ஒருவர் தளத்தைத் திறந்தால் செய்திக்கு முன்னால் ஒரு பெட்டி வந்து நிற்கும், அதில் வரும் வாசகங்கள் இவை. பிரிவின் தலைவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது முதல் வருஷம். 'அன்பு வாசகரே, எங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.' யாரும் நினைக்கல. இது ரெண்டாம் வருஷம், அழற நாய்க்குட்டி. நாய்க்குட்டியை டவுன்லோடு பண்ணிக்கிட்டு போயிட்டாங்க. இது மூணாவது. 'நீங்கள் செய்வது திருட்டு.' அன்னைக்கு வாசகர் எண்ணிக்கை பாதியாச்சு. மிச்சம் பாதியை விசாரிச்சா நம்ம ஊழியர்கள். இது உறுதிமொழி. இருபத்தோரு கேள்வி. 'இதுவரை நான் தடுத்த ஒவ்வொரு விளம்பரத்துக்காகவும் மனப்பூர்வமாக வருந்துகிறேன்'னு கடைசியா டிக் அடிக்கணும். அடிச்சா ஒரு மனம் திருந்திய சான்றிதழ் வரும். பிரின்ட் எடுத்துக்கலாம்."

"எத்தனை பேர் எடுத்தாங்க சார்?"

"ஒருத்தர். எங்க மாமியார்."

பிரிவில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். போன வருஷம் அவர்கள் மனம் மாற்றியது பதினோரு வாசகர்களை. இதைத் தலைவர் வெட்கப்படாமல் சொன்னார். மனம் என்பது அவ்வளவு ஆழமான விஷயம் என்றும் சொன்னார்.

காயில்காரர் கையைக் கூப்பினார். "சார், பிளாக்கர் வச்சிருக்கறவங்க இந்தப் பெட்டியைப் பாத்தே ஆகணும்தானே? இதுக்குள்ள ஒரு மூலைல எங்கப்பா படத்தைப் போட்டுடுங்க. ரெண்டே ரெண்டு நாள்."

தலைவர் அதிர்ந்துபோனார். "என்ன சார் நீங்க! அது விளம்பரம் ஆயிடுமே. விளம்பரம் புடிக்காதவங்களுக்கு விளம்பரம் காட்ட மாட்டோம்னு வாக்குக் குடுத்துத்தானே, விளம்பரம் பாருங்கன்னு அவங்களைக் கெஞ்சறோம்? அந்த நம்பிக்கையை ஒடைச்சுட்டா அப்புறம் எங்க மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கறது?"

"சரி சார். என் விளம்பரத்தையாவது நீங்க பாத்தீங்களா? இதே ஊர்ல சுத்தறீங்க, கண்ணுல பட்டா சொல்லலாமே."

தலைவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நானும் பிளாக்கர்தான். எங்க மாடி மொத்தமும் பிளாக்கர்தான். அது இல்லாம எங்க சைட்டு தொறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது சார்."

காயில்காரர் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். பதினான்கு பேர் ஆறு வருஷமாகச் செய்ய முடியாததைத் தானே செய்வது என்று மாடிப்படி இறங்கும்போது முடிவு செய்தார். வேறு வழி இருந்தால் செய்திருக்க மாட்டார். பட்டறையைப் பாதி நேரம் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொருவரிடமும் தடுப்பானை அணைக்கச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தார். முதலில் தன் மனைவியின் போன். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு, மருந்துக் கடை, முடிவெட்டுகிற கடை. அப்பாவின் முகம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் காயில்காரர் முகத்துக்காக அணைத்தார்கள். தங்கை வேறு தெருவில் இருந்தாள். அவளையும் அவள் புருஷனையும் அவன் வேலை செய்கிற கிடங்கில் இருந்தவர்களையும் அணைக்க வைத்தார். மூன்று நாளில் நாற்பத்தாறு பேர். மனமாற்றப் பிரிவுக்குத் தெரிந்திருந்தால் அவரைத் தூக்கித் தலைவர் நாற்காலியில் வைத்திருப்பார்கள்.

அணைத்தவர்கள் பட்ட பாடு தனி. தளத்தைத் திறந்தால் மெத்தை குதித்தது, வழுக்கைத் தலையில் முடி முளைத்தது, மூடும் குறி கிட்டப் போனால் நகர்ந்தது. மருந்துக் கடைக்காரரின் போன் அடுப்புச் சட்டி மாதிரி சூடாகி நின்றுவிட்டது. "அண்ணே, உங்கப்பா மேல எனக்கும் பாசம்தான். ஆனா ஒரு வழுக்கை, ரெண்டு மனை, நாலு மெத்தையைத் தாண்டித்தான் அவரைப் பாக்கணும்னா எப்படிண்ணே?" என்றார். முடிவெட்டுகிறவர் காயில்காரரைத் தூரத்தில் பார்த்தாலே கடைக்குள் போய்த் திரையை இழுத்துவிட ஆரம்பித்தார். காயில்காரர் விடவில்லை. திரைக்கு வெளியே நின்று, "அணைச்சுதானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

அப்பா போய்ப் பத்தாவது நாள். வேறு பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காயில்காரர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் தடவினார்.

"தூ! மறுபடியும் இந்தக் கெழவன்."

"யாருங்க?"

"உங்களுக்கு வரலியா? நாலு நாளா ஊர் முழுக்க இந்த ஆள் மூஞ்சிதான். எந்தச் செய்தியைத் தொட்டாலும் முன்னாடி வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு. பிளாக்கரை அணைக்கணுமாம்."

காயில்காரர் எட்டிப் பார்த்தார். நீலச் சட்டை. இடது புருவத்தில் தழும்பு. அப்பா ஒரு லிஃப்டின் வாசலில் நின்று, வருகிறவரை உள்ளே அழைக்கிற மாதிரி கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: "என் பேரக் குழந்தைகள் உங்களை நம்பியிருக்கிறார்கள். தடுப்பானை அணைத்துவிடுங்கள்." அப்பாவுக்குப் பேரக் குழந்தைகள் கிடையாது.

அவருக்கு விஷயம் ஒவ்வொன்றாக விளங்கியது. தடுப்பான் இல்லாதவர்களுக்குக் காணவில்லை விளம்பரம் வரும், இந்தப் பெட்டி வராது. தடுப்பான் இருக்கிறவர்களுக்குப் பெட்டி வரும், விளம்பரம் வராது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஊரில் ஒரு ஆள் இல்லை. பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் "ஐயோ, இது நம்ம மாமா" என்று கத்தியிருக்கக்கூடியவர்கள் நாற்பத்தாறு பேர். அவர்கள் எல்லாரையும் வீடு வீடாகப் போய், கெஞ்சி, பார்க்கவிடாமல் செய்தது யார் என்று யோசித்தவர், ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

மணி மூன்றரை என்பதால் உள்ளே விட்டார்கள். ஆறாவது மாடியில் தலைவர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"உங்கப்பாவா அவர்! அன்னைக்கு நீங்க படத்தைக் காட்டலியே, அன்னைக்கு ராத்திரிதான் அவரைப் பெட்டியில போட்டோம். என்ன முகம் சார்! நாலு நாள்ல நூத்து எம்பது பேர் மனசு மாறியிருக்காங்க. எங்க ஆறு வருஷ சரித்திரத்துல இல்ல."

"அவர் எங்க சார்?"

"போன வெள்ளிக்கிழமை காலைல ஆபீசுக்கு வரேன், நம்ம லிஃப்டுல நிக்கறாரு. 'வணக்கம் சார், எந்த மாடி'ன்னு கேக்கறாரு. அந்தப் பணிவு! கட்டட நிர்வாகம் புதுசா ஆள் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். இந்த மாதிரி ஒரு மனுஷன் கேட்டா யாரு சார் மாட்டேம்பாங்கன்னு தோணிச்சு. அங்கயே ஒரு போட்டோ. அப்புறம் பேசற மாதிரி ஒரு வீடியோ எடுக்கலாம்னு மேல கூட்டிட்டு வந்தோம். மூணு வரிதான் சார். நாப்பது தடவை எடுத்தோம். ரெண்டாவது வரியிலயே மறந்துடறாரு. மத்தியானம் ஆயிடுச்சு. 'நாளைக்கு வாங்க பெரியவரே'ன்னு அனுப்பிட்டோம்."

"எங்க அனுப்பினீங்க?"

"கீழ."

மூன்று வரியை நாற்பது தடவை மறந்தவரை ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டோமே என்று தலைவர் ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. முகவரி என்ற இடத்தில் "எந்த மாடி" என்று எழுதியிருந்தது. கீழே, இந்த முகத்தை எங்கேயும் எப்போதும் பயன்படுத்த முழுச் சம்மதம் என்ற வரிக்கு நேராக அப்பாவின் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று இருந்தது.

"சார், உங்க காலைப் புடிக்கறேன். அந்தப் பெட்டியில ஒரே ஒரு வரி சேத்துடுங்க. 'இவரைக் கண்டால் தெரிவிக்கவும்.' ஊரே பாத்துக்கிட்டிருக்கு."

தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காணாமப் போன ஆள் எப்படி சார் வேண்டுகோள் விட முடியும்? வாசகர் நம்மளை நம்புவாரா? நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"பேரப்பிள்ளைங்கன்னு போட்டிருக்கீங்களே! அவருக்கு ஏது பேரப்பிள்ளைங்க?"

"அது உணர்வு சார். இது தகவல். ரெண்டையும் கலக்கக் கூடாது."

காயில்காரர் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருப்பார். அதற்குள் ஒரு பெண் தன் கணினியைப் பார்த்தபடி, "சார், போச்சு சார்" என்றாள். தடுப்பான் செய்கிற கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களிடம் ஆயிரக்கணக்கில் புகார் போயிருக்கிறது. இந்தப் பெட்டி வராமல் தடுக்கவும் வழி கண்டுபிடித்து, அன்று மாலையே எல்லாப் போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். தலைவரின் கணினியிலும் வந்துவிட்டது. செய்திக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற அப்பா காயில்காரர் கண்ணெதிரே மறைந்தார்.

"உங்கப்பாவைத் தடுத்துட்டாங்க சார்" என்று தலைவர் தழுதழுத்தார். பதினான்கு பேரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். காயில்காரர் அந்தக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஒருவர் வந்து, ஐந்து மணி ஆகிவிட்டது, விளம்பரதாரர்கள் கிளம்ப வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் அவரும் மனைவியும் காகிதத்தில் அச்சடித்த அப்பாவோடு கிளம்பினார்கள். ஒரு வாளிப் பசை, ஒரு கட்டுச் சுவரொட்டி. மனைவி கடைத்தெருப் பக்கம் போனாள். காயில்காரர் அந்த அலுவலகத்தின் வெளிச்சுவருக்கே வந்தார். அப்பாவைக் கடைசியாகப் பார்த்த இடம் அதுதானே. சுவரில் ஆளுயர எழுத்தில் "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தின் மேலேயே முதல் தாளை ஒட்டினார். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

காலை முறைக் காவலாளி தடியோடு ஓடி வந்தார். காயில்காரர் இதுவரை பார்க்காத ஆள், மாலையில் இருப்பவர் வேறு.

"யோவ், யாரு நீ? இது கம்பெனி சுவரு. கிழிய்யா அதை!"

காயில்காரர் நகரவில்லை. காவலாளி தானே கிழிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இந்தப் பெரியவரா?"

"தெரியுமா உங்களுக்கு?"

"தெனம் வர்றாரே. மொத நாளு என் கண்ணுல படாம உள்ள போயிட்டாரு. அதுலேர்ந்து ஒம்பது மணி ஆனா வந்துடுவாரு. மேல போகணும், வேலை பாக்கி இருக்குன்னுவாரு. முன்கூட்டிச் சொல்லி வெக்காத ஆளை உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டரு. 'நாளைக்கு வாங்க'ன்னு தொரத்தி விட்டுடுவேன். ஏன், அவருக்கு என்ன?"

"நீங்க... இந்த வெப்சைட் பாக்கறதில்லையா?"

காவலாளி சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "இதுல என்னத்தைப் பாக்கறது. அட, அழுவாதய்யா. நேத்தும் வந்தாருய்யா. ஒம்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இப்படி ஓரமா நில்லு."

அந்தப் பத்து நிமிஷத்தைக் காயில்காரர் எப்படிக் கடத்தினார் என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒன்பது மணிக்குச் சாலையின் எதிர்ப்புறத்தில் அப்பா தெரிந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. நீலச் சட்டை நிறம் தெரியாமல் அழுக்கேறி, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தது. வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்காட்டி மெதுவாகக் கடந்து வந்தார்.

"அப்பா!"

பசை வாளி உருள, காயில்காரர் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். அப்பா மகன் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு கையை நீட்டிச் சிரித்தார்.

"வணக்கம். விளம்பரம்தான் எங்களுக்குச் சோறு. தயவுசெய்து தடுப்பானை அணைத்துவிடுங்கள். உங்களுக்காகத்தான் இங்கே காத்திருக்கிறோம்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. சொல்லிவிட்டு மகனுடைய முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாச் சொல்லிட்டேனா சார்? சரியாச் சொன்னா வீட்டுக்கு விட்டுடறேன்னு சொன்னீங்களே."

"சரியாச் சொல்லிட்டீங்கப்பா" என்றார் காயில்காரர். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."